அச்சில்லாமல் இழுக்கும் கம்பி: ஹோல்மியம் கலந்த ஒற்றைப் படிக இழை வளர்ப்பு

தட்டான் தங்கக் கம்பியை அச்சில் நுழைத்து இழுப்பார். அச்சின் துளை எவ்வளவோ கம்பியின் கனமும் அவ்வளவு. லேசருக்கான படிக இழையை வளர்க்கும்போது அச்சு கிடையாது. 1,950 டிகிரிக்கு மேல் உருகிய ஒரு சொட்டு, உருக்கப்படும் மூலத்தண்டுக்கும் வளரும் இழைக்கும் நடுவே பரப்பு இழுவிசையால் மட்டுமே தொங்கி நிற்கிறது. இழை எவ்வளவு கனம், எவ்வளவு சீர் என்பதை அந்தச் சொட்டு எவ்வளவு அசையாமல் நிற்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இழையில் தெரியும் பெரும்பாலான குறைகளுக்கு வேர் அங்கே இருக்கிறது, இல்லையென்றால் தண்டை உருக்கும் லேசரைப் பற்றவைக்கும் முன்பே மூலத்தண்டில் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு 2.09 மைக்ரான் அலைநீளத்தில் ஒளிரும் ஹோல்மியம் என்ற அருமண் தனிமம் கலந்த யிட்ரியம் அலுமினியம் கார்னெட்டை எடுத்துக்கொள்கிறேன். துறையில் எல்லாரும் சொல்வதுபோல இனி 'யாக்' என்றே எழுதுகிறேன். தூலியம் கண்ணாடி இழை லேசரின் 1.908 மைக்ரான் ஒளியை இதற்குள் செலுத்தினால் 2.09 மைக்ரான் கிடைக்கும். இரண்டு அலைநீளங்களும் அருகருகே இருப்பதால் வெப்பமாக வீணாவது அடிப்படைக் கணக்கில் 9 விழுக்காட்டுக்கும் குறைவு.

வழக்கமான சிலிக்காக் கண்ணாடி இழையை விட்டு ஏன் இந்தச் சிரமத்துக்குப் போக வேண்டும்? சிலிக்காவின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு சுமார் 1.4 வாட். கலப்பில்லாத யாக்கில் அது 10 வாட்டைத் தாண்டும். ஒற்றை அதிர்வெண் ஒளியைச் சிலிக்காவில் பெருக்கும்போது குறுக்கே நிற்கும் பிரில்லுவான் சிதறல் (இழைக்குள் எழும் ஒலி அலையில் பட்டு ஒளி திரும்புவது) யாக்கில் மிகக் குறைவு. 2.2 மைக்ரானைத் தாண்டினால் சிலிக்கா ஒளியை விழுங்கத் தொடங்கும், யாக் 4 மைக்ரான் வரையிலும் தெளிவாக இருக்கும். இன்னொரு அருமண்ணான எர்பியத்தின் 2.94 மைக்ரான் ஒளிக்குச் சிலிக்கா உதவவே உதவாது.

1975-இலேயே பெல் ஆய்வகத்தில் பரஸ், ஸ்டோன் இருவரும் நியோடிமியம் யாக் இழையில் லேசர் ஒளியை எடுத்துக் காட்டினார்கள். இன்று பரவலாக இருக்கும் கருவியின் வடிவம் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தது. ஃபெயர், பையர் குழுவினர் 1984-இல் அதை விவரித்து வெளியிட்டார்கள். கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரான் கற்றையை இரண்டு கூம்புக் கண்ணாடிகள் வளையமாக விரிக்கின்றன. நடுவில் துளையிட்ட 45 டிகிரி கண்ணாடி அந்த வளையத்தை மேலே திருப்புகிறது. பரவளையக் கண்ணாடி அதைச் சுற்றிலும் 360 டிகிரியிலிருந்து தண்டின் நுனியில் குவிக்கிறது. கீழிருந்து மூலத்தண்டு ஏறும், மேலே விதைப்படிகத்தோடு ஒட்டிய இழை இழுபட்டுக்கொண்டே போகும். இதற்கு லேசர் உருகுபீட முறை என்று பெயர். மூசை இல்லாததால் மூசையிலிருந்து வரும் அழுக்கும் இல்லை, சுற்றிச் சாதாரணக் காற்றே இருக்கலாம். ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஃபுகுதா குழுவினர் வளர்த்தெடுத்த நுண் கீழிழுப்பு முறையும் நல்ல முறைதான். ஆனால் அதற்கு இரிடியம் மூசை வேண்டும், அந்த மூசை ஆக்சிஜனோடு சேர்ந்து ஆவியாகித் தேயாமலிருக்க மந்த வாயுச் சூழல் வேண்டும். அரை மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் கனத்தில் குட்டைத் தண்டுகள் வேண்டுமென்றால் அதற்குப் போகலாம். 100 மைக்ரான் கனத்தில் நீள இழை வேண்டுமென்றால் உருகுபீடம்தான்.

மூலத்தண்டுக்கு இரண்டு வழி உண்டு. கையில் பணம் இருந்தால், சோக்ரால்ஸ்கி முறையில் (மூசையில் உருக்கி, விதைப்படிகத்தால் மேலே இழுத்து) வளர்த்த ஹோல்மியம் யாக் படிகத்தை வாங்கி, 1.2 மில்லிமீட்டர் சதுரக் குச்சிகளாக அறுத்து, மையமில்லா அரைப்பில் 1 மில்லிமீட்டர் உருண்டையாக்கிக்கொள்ளலாம். என் பரிந்துரை இதுதான். அதில் குமிழி இருக்காது, வேதி விகிதமும் சரியாக இருக்கும். வேறு வேறு கலப்பு அளவுகளைச் சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் மட்டும் பொடியிலிருந்து தொடங்கலாம்.

பொடியிலிருந்து என்றால் கணக்கு இப்படி. யிட்ரியத்தின் இடங்களில் 0.5 அணு விழுக்காடு ஹோல்மியம், மொத்தம் 20 கிராம்: யிட்ரியம் ஆக்சைடு 11.333 கிராம், அலுமினியம் ஆக்சைடு 8.572 கிராம், ஹோல்மியம் ஆக்சைடு 0.0953 கிராம். மூன்றும் 99.99 விழுக்காடு தூய்மைக்குக் குறையக் கூடாது. ஹோல்மியத்தை 0.1 மில்லிகிராம் காட்டும் தராசில்தான் நிறுக்க வேண்டும். அருமண் ஆக்சைடுகள் காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிக்கொள்ளும். புட்டியிலிருந்து எடுத்து நேராக நிறுத்தால் எடையில் ஒரு பங்கு தண்ணீராக இருக்கும். 1,000 டிகிரியில் சில மணி நேரம் சுட்டு, உலர்கலத்தில் ஆறவைத்து, உடனே நிறுக்க வேண்டும். யிட்ரியம் 1 விழுக்காடு குறைந்தாலும் கலவை அலுமினாப் பக்கம் சாயும். யாக்கும் அலுமினாவும் சேர்ந்த கலவை 1,826 டிகிரியிலேயே உருகும். கடைசியில் உறையும் அந்தத் திரவம் இழைக்குள் பால் வெள்ளைப் புள்ளிகளாகச் சிக்கிக்கொள்ளும். இழை வெளுத்துப் போனால் பலரும் லேசரைக் குறை சொல்வார்கள், தவறு தராசில் நடந்திருக்கும். பிறகு எத்தனாலில் உருளை ஆலையில் அரைத்து, உலர்த்தி, குளிர் சமவழுத்தத்தில் (சூடாக்காமல் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தி) குச்சியாக்கி, 1,600 முதல் 1,700 டிகிரிக்குள் சுட்டிறுக்க வேண்டும். குச்சியில் மிஞ்சும் துளைகளெல்லாம் உருகும்போது குமிழிகளாகும்.

கலப்பு அளவு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கலாம். ஹோல்மியம் அயனிகள் நெருங்கி நின்றால் கிளர்ந்த இரண்டு அயனிகள் ஆற்றலைத் தமக்குள் பகிர்ந்து, ஒன்று மேலே ஏறி, மற்றது கீழே விழுந்து, சேர்த்த ஆற்றல் லேசருக்கு வராமல் போகும். 1.6 மைக்ரானில் ஒளிரும் எர்பியத்துக்கும் இதே தொல்லை இருப்பதால் அங்கேயும் 1 விழுக்காட்டுக்குக் கீழேயே நிற்பார்கள். 2.94 மைக்ரான் எர்பியம் இதற்கு நேர் எதிர். கீழ் நிலையில் தேங்கும் அயனிகளைக் காலி செய்ய அந்தப் பகிர்வு தேவைப்படுவதால் 50 விழுக்காடு வரை கலப்பார்கள். 785 நானோமீட்டர் ஒளியால் ஆற்றல் ஊட்டும் தூலியத்துக்கும் பகிர்வு நன்மைதான். ஆகவே 'கலப்பு கூடினால் நல்லதா' என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. எந்த அயனி, எந்த அலைநீளம் என்பதைச் சொன்னால்தான் விடை சொல்ல முடியும்.

இழுப்புக்கு வருவோம். உள்ளே போன பொருள்தான் வெளியே வரும். அதனால் இழையின் விட்டம் = தண்டின் விட்டம் × √(ஊட்டு வேகம் ÷ இழுப்பு வேகம்). 1 மில்லிமீட்டர் தண்டிலிருந்து 400 மைக்ரான் இழை வேண்டுமென்றால் பரப்பு விகிதம் 6.25. இழையை நிமிடத்துக்கு 2 மில்லிமீட்டர் இழுத்தால் தண்டை 0.32 மில்லிமீட்டர் ஏற்ற வேண்டும். 30 சென்டிமீட்டர் இழைக்கு இரண்டரை மணி நேரம் ஆகும், தண்டில் 48 மில்லிமீட்டர் தீரும். அந்த 400 மைக்ரான் இழையையே தண்டாக வைத்து மறுபடி 130 மைக்ரானுக்கு இறக்கினால் கிட்டத்தட்ட 2.8 மீட்டர் கிடைக்கும், அதற்கு ஏறத்தாழ ஒரு முழு நாள் ஓட்டம் தேவை. ஒரே இழுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே விட்டத்தைக் குறைக்க முயலக் கூடாது. சொட்டின் கழுத்து மெலிந்து, சிறு அதிர்வுக்கும் அறுந்துவிடும்.

தொடங்கும் விதம்: லேசரின் ஆற்றலை மெல்ல ஏற்றித் தண்டின் நுனியை அரைக்கோளமாக உருக்குங்கள். 1 மில்லிமீட்டர் தண்டுக்குச் சில பத்து வாட் போதும். விதைப்படிகத்தை இறக்கிச் சொட்டில் தொட்டவுடன் இழுக்க வேண்டாம். விதையின் நுனி சிறிது கரைந்து, எல்லைக்கோடு தெளிவாகத் தெரிந்து, ஆட்டம் நின்ற பிறகு இரண்டு மோட்டார்களையும் ஓட்டுங்கள். விதை எந்தத் திசையில் வெட்டப்பட்டதோ அந்தத் திசையிலேயே இழை வளரும். யாக்குக்கு 111 திசை (கனசதுர அலகின் மூலைவிட்டம்) வழக்கம், அப்போது இழையின் குறுக்குவெட்டு முழு வட்டமாக இல்லாமல் முனை மழுங்கிய அறுகோணச் சாயலில் இருக்கும்.

சொட்டு எப்படி இருக்க வேண்டும்? மேல் எல்லையும் கீழ் எல்லையும் தெளிவாக, இரண்டுக்கும் நடுவே பக்கவாட்டு வளைவு வழுவழுப்பாக இருந்தால் சரி. யாக்கில் இழையின் ஓரத்தைத் திரவம் சுமார் 8 டிகிரி சாய்வில் தொடும். சபையரில் 17 டிகிரி. அந்தச் சாய்வு மாறாதவரை விட்டம் மாறாது. ஆற்றல் குறைந்தால் சொட்டு குட்டையாகி, இழையின் அடி உருகாத தண்டில் இடிக்கும். முதலில் ஒரு நடுக்கம் தெரியும், அதைக் கவனிக்காவிட்டால் இழை ஒட்டிக்கொண்டு ஒடிந்துவிடும். ஆற்றல் கூடினால் சொட்டு நீண்டு இடை மெலியும். நீளம் சுற்றளவை எட்டினால் பரப்பு இழுவிசையே அதை இரண்டாக வெட்டிவிடும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று இருக்கிறது. 'ஆற்றலைக் கூட்டினால் இழை மெலியும்' என்பார்கள். அது பாதிதான் உண்மை. ஆற்றலைக் கூட்டியதும் சொட்டு பெரிதாகிறது, பெரிதாவதற்கான திரவத்தைத் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது, அந்த நேரம் வரை இழை மெலிகிறது. சொட்டு புதிய அளவில் நிலைத்ததும் இழை பழைய விட்டத்துக்கே திரும்பிவிடும். விட்டத்தை நிலையாக முடிவு செய்வது வேக விகிதம் மட்டுமே. மேலே சொன்ன கணக்கில் சொட்டின் கொள்ளளவு கால் கன மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும், நிமிடத்துக்குக் கடந்துபோகும் பொருளும் அதே கால் கன மில்லிமீட்டர். அதாவது சொட்டின் நினைவாற்றல் ஏறத்தாழ ஒரு நிமிடம். ஒரு மணி நேரத்தில் ஆற்றல் 2 விழுக்காடு மெல்ல நழுவினால் இழைக்குத் தெரியாது. அரை நிமிடத்துக்கு ஒரு முறை அரை விழுக்காடு ஏறி இறங்கினால் இழை முழுக்க அலையலையாகப் பதிந்துவிடும்.

அந்த அலைகள் ஒளியைச் சிதறவிடும், ஆனால் கோளாறு எங்கே என்பதையும் அவையே சொல்லும். விட்டத்தை நீளவாக்கில் அளந்து, ஏற்ற இறக்கம் எத்தனை மில்லிமீட்டருக்கு ஒரு முறை திரும்புகிறது என்று பாருங்கள். ஊட்டும் பக்கத்திலும் இழுக்கும் பக்கத்திலும் திருகுதண்டின் புரியிடை 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இழுக்கும் பக்கத்துத் திருகு கோணலாக இருந்தால் இழையில் 1 மில்லிமீட்டருக்கு ஒரு அலை தெரியும். ஊட்டும் பக்கத்துத் திருகு கோணல் என்றால் தண்டின் 1 மில்லிமீட்டர் இழையில் 6.25 மில்லிமீட்டராக நீள்வதால் அலையும் 6.25 மில்லிமீட்டர் இடைவெளியில் வரும். லேசரின் குளிர்நீர் இயந்திரம் 90 நொடிக்கு ஒரு முறை ஓடி நிற்பதாக இருந்தால், 2 மில்லிமீட்டர் வேகத்தில் அது 3 மில்லிமீட்டர் அலையாகும். இழுப்பு வேகத்தை மட்டும் மாற்றி இன்னொரு துண்டு எடுத்தால் சந்தேகம் தீரும். மில்லிமீட்டர் இடைவெளி மாறாமல் இருந்தால் இழுக்கும் பக்கத்துக் கோளாறு, இடைவெளி மாறி நொடிக் கணக்கு அப்படியே இருந்தால் லேசர், குளிர்நீர், காற்று, வேகம் மாறாத ஊட்டும் பக்கத்துத் திருகு இவற்றில் ஒன்று. இந்த ஒரு சோதனை பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

குளிர்நீரைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கார்பன் டை ஆக்சைடு லேசரின் குழாய் நீள்வதும் சுருங்குவதுமாக இருந்தால் அது ஒரு அலைவரிசையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், ஒவ்வொரு தாவலிலும் ஆற்றல் குதிக்கும். நீரின் வெப்பத்தை 0.1 டிகிரிக்குள் நிறுத்துங்கள், லேசரை ஒரு மணி நேரம் முன்னதாகவே ஓடவிடுங்கள். வளர்ப்பறையைச் சுற்றி அக்ரிலிக் பெட்டி போடுங்கள். அது காற்றோட்டத்தையும் தடுக்கும், சிதறி வரும் 10.6 மைக்ரான் ஒளியையும் விழுங்கும். உருகிய சொட்டை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, வெல்டிங் கறுப்புக் கண்ணாடியின் வழியாகவோ கேமராவிலோதான் பார்க்க வேண்டும். ஜிங்க் செலினைடு லென்ஸ் எரிந்துபோனால் அந்தப் புகை நஞ்சு. உடனே லேசரை நிறுத்தி அறையை விட்டு வெளியேறுங்கள்.

வளையக் கற்றை ஒரு பக்கம் அதிக வெப்பமாக இருந்தால் சொட்டு அந்தப் பக்கம் சரியும், இழை வளைந்து வளரும். ஒரு கேமரா மட்டும் வைத்தால் அது பார்க்கும் திசையிலான சரிவு தெரியாமல் போகும், 90 டிகிரி இடைவெளியில் இரண்டு கேமரா வேண்டும். மூலத்தண்டு ஆடாமலிருக்க நுனிக்குச் சில சென்டிமீட்டர் கீழே வி வடிவப் பள்ளத்தில் மெல்ல அழுத்தி ஓட்டுங்கள். மூலத்தண்டின் விட்டத்தில் நீளவாக்கில் இருக்கும் மாறுபாடு அதே விழுக்காட்டில் இழையிலும் வரும், நீளம் மட்டும் 6.25 மடங்கு விரியும். அரைப்புக்குச் செலவழிக்கும் பணம் வீணல்ல என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வேகம் எவ்வளவு போகலாம்? யாக்குக்கு நிமிடத்துக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் நிம்மதியான எல்லை. வேகம் கூடும்போது குமிழிகள் வெளியேற நேரமில்லாமல் நடு அச்சில் முத்துக்கோவைபோலச் சிக்கும். சுட்டிறுக்கிய பொடித் தண்டில் இது நிச்சயம் வரும். முதல் இழுப்பை மெதுவாக முடித்து, இரண்டாவது இழுப்பில் மறுபடி உருக்கினால் பெரும்பகுதி போய்விடும்.

கலப்பணு படிகத்துக்குள் எவ்வளவு எளிதாக நுழைகிறது என்பதும் முக்கியம். ஹோல்மியம், எர்பியம், இட்டெர்பியம் மூன்றும் யிட்ரியத்தின் அளவுக்கு நெருக்கமானவை, திரவத்தில் உள்ள விகிதத்திலேயே ஏறக்குறைய படிகத்திலும் அமரும். நியோடிமியம் பெரியது, திரவத்தில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குதான் படிகத்துக்குள் போகும். மீதி சொட்டில் தேங்கிச் செறிவு ஐந்து மடங்கு ஏறிய பிறகுதான் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும். சொட்டு முழுவதும் நன்றாகக் கலங்குகிறது என்று கொண்டால், 400 மைக்ரான் இழையில் அந்தச் சமநிலைக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் ஆகும். அதுவரை வளர்ந்ததை வெட்டி எறிய வேண்டியதுதான். ஹோல்மியத்தில் இந்த நட்டம் இல்லை.

இழை வெளிவந்ததும் குறுக்கிட்ட இரண்டு முனைவாக்கிகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். யாக் எல்லாத் திசைக்கும் ஒன்றுபோன்ற படிகம், ஆகவே இருட்டாகவே தெரிய வேண்டும். எங்காவது வெளிச்சம் கசிந்தால் அங்கே இறுக்கம் உறைந்திருக்கிறது. இந்த முறையில் உறையும் எல்லைக்கருகே சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பச் சரிவு இருப்பதால் இது எதிர்பார்க்கக் கூடியதுதான். காற்றில் 1,000 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வைத்து மெல்ல ஆறவிட்டால் குறையும். மந்த வாயுவில் வளர்த்த இட்டெர்பியம் யாக் நீலப்பச்சையாக வந்தாலும் இதே மருந்துதான். ஆக்சிஜன் குறைவால் இரண்டு மின்சுமை நிலைக்கு இறங்கிய இட்டெர்பியம் காற்றில் சுட்டதும் மூன்றுக்குத் திரும்பி நிறம் போய்விடும்.

ஹீலியம் நியான் சிவப்பு ஒளியை உள்ளே விட்டு இருட்டில் பக்கவாட்டில் பாருங்கள். ஒளிரும் புள்ளிகள் குமிழிகள் அல்லது ஒட்டிய தூசி. எத்தனாலில் துடைத்தபின் எது மறைகிறதோ அது தூசி. முனைகளைத் தேய்க்க, இழையைக் கண்ணாடி நுண்குழாயில் மெழுகால் ஒட்டி, 30, 9, 3, 1 மைக்ரான் வைரத் தாள்களில் வரிசையாகத் தேய்த்து 0.3 மைக்ரான் அலுமினாவில் முடியுங்கள். முனையின் ஓரம் உதிர்ந்திருந்தால் ஊட்டு ஒளி (இழைக்கு ஆற்றல் தர உள்ளே செலுத்தும் ஒளி) அங்கேயே சூடேற்றி உடைத்துவிடும். பிறகு ஒளிர்வு தணியும் நேரத்தை அளந்தால் கலப்பின் நிலைமை தெரியும். நல்ல ஹோல்மியம் யாக்கில் அது 7 முதல் 8 மில்லிநொடி. அதைவிடக் குறைந்திருந்தால் மூலப்பொருளில் வேறு அருமண்ணோ இரும்போ கலந்திருக்க வாய்ப்புண்டு.

மேலுறை இன்னும் முழுதாகத் தீராத சிக்கல். உறையில்லாத 100 மைக்ரான் யாக் இழைக்குக் காற்றே உறை. ஒளிவிலகல் எண் 1.80-இலிருந்து 1-க்கு ஒரேயடியாக விழுவதால் 2.09 மைக்ரானில் சுமார் 25,000 ஒளிப்பாங்குகள் (ஒளி பரவும் வெவ்வேறு வடிவங்கள்) அதற்குள் ஓடும், மேலே படும் ஒவ்வொரு கைரேகையும் இழப்பாகும். கலப்பில்லாத யாக்கையே உறையாக வளர்த்தால் வெப்ப விரிவும் ஒத்துப்போகும், ஒளிவிலகல் எண்ணும் மயிரிழை அளவே குறையும். கலப்புத் தண்டைக் கலப்பில்லாத குழாய்க்குள் செருகி உருக்கினால் சொட்டுக்குள் திரவம் சுழன்று இரண்டும் கலந்துவிடும். அதனால் இழை வளர்ந்தபின் வெப்பநீர்க் கலத்தில் உயர் அழுத்தத்தில், உருகுநிலைக்கு வெகு கீழே, மேலே உறையை வளர்ப்பதுதான் எனக்கு நம்பிக்கையான வழியாகப் படுகிறது. உறை கட்டுபடியாகவில்லை என்றால் கனமான குட்டை இழையை எடுத்து, ஊட்டு ஒளி மட்டும் சுவரில் பட்டுப் பட்டுப் போகவும், லேசர்க் கற்றை நடுவே சுவரைத் தொடாமல் போகவும் அமைக்கலாம். ஹோல்மியம் கீழ் நிலையில் இருந்தபடியே 2.09 மைக்ரானைக் கொஞ்சம் விழுங்கும் இயல்புடையது. ஊட்டு ஒளி எட்டாத நீளம் நட்டம்தான், எனவே தேவைக்கு மேல் நீளம் வைக்காதீர்கள்.

கடைசியாக, இழையைச் சுருட்டி வைப்பது. 100 மைக்ரான் இழையை 5 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் வெளிப்பரப்பில் 0.1 விழுக்காடு நீட்சி. யாக்கின் விறைப்பு சுமார் 280 கிகாபாஸ்கல், ஆகவே இழுதகைவு 280 மெகாபாஸ்கல். கீறலில்லாத இழை தாங்கும், விரல் நகம் பட்ட இழை தாங்காது. 10 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்காதீர்கள். 400 மைக்ரான் இழையென்றால் சுருட்டவே வேண்டாம், நீளக் கண்ணாடிக் குழாயில் நேராகப் போட்டு, இரண்டு முனையையும் அடைத்து, வளர்ந்த முனை எது என்று குழாயின் மேல் எழுதி வையுங்கள்.